பேயும் பேரேடும்
டோனி மாரிசனின் ‘பிலவ்ட்’ நாவலை முன்வைத்து

டோனி மாரிசனின் ‘பிலவ்ட்’ நாவலை எங்கள் இரவுப் பாடசாலைப் பிள்ளைகளுக்கான புத்தக வரிசையில் சேர்க்கச் சொன்னது நான்தான். எதிர்ப்பு வரும் என்று தெரியும். தாயே பிள்ளையைக் கொல்கிற கதை வேண்டாம் என்பார்கள், ஆங்கிலத்தில் இருக்கிறது, எவன் படிப்பான் என்பார்கள் என்றெல்லாம் பதில் தயாராக வைத்திருந்தேன். வந்த கேள்வி வேறு. “இன்னாத்துக்குப்பா பேய்க்கதை? நம்ம புள்ளைங்களுக்குப் பேயைக் காட்டவா இத்தனை வருசமா இயக்கம் நடத்துனோம்?” கேட்டவர் முப்பது வருஷமாகச் சேரிக்குள் மூடநம்பிக்கை ஒழிப்புப் பிரச்சாரம் செய்துவருகிற தோழர். அவர் வார்த்தையைத் தள்ளிவிட்டு எங்கள் பக்கம் எந்தப் பட்டியலும் போட முடியாது.

வாசகர் வட்டம் என்று பெயரே தவிர, நாவலை முழுசாகப் படித்தவர்கள் மூன்று பேர். மற்ற எட்டுப் பேரும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் வாய்வழியாகச் சொல்லக் கேட்டவர்கள். படித்தவர் கருத்து, கேட்டவர் கருத்து என்று நான் தரம் பிரிக்கவில்லை. நம் சனத்தின் இலக்கிய விமர்சனம் முழுக்க, கதை கேட்டவர்கள் திண்ணையில் உட்கார்ந்து செய்ததுதான்.

கதை இதுதான். 1873. அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் முடிந்து எட்டு வருஷம். ஒஹையோ மாநிலத்தின் சின்சினாட்டி நகரத்து ஓரத்தில் 124 என்று எண்ணுள்ள வீட்டில் சேத் என்பவளும் அவள் மகள் டென்வரும் இருக்கிறார்கள். கூடவே ஒரு குழந்தையின் ஆவியும் இருக்கிறது. கண்ணாடியை உடைக்கும், மேசை நாற்காலியைத் தள்ளும். பொறுக்க மாட்டாமல் இரண்டு ஆண் பிள்ளைகளும் ஓடிப்போய்விட்டார்கள். மாமியார் பேபி சக்ஸ் படுத்த படுக்கையாகி இறந்துவிட்டாள். 18 வருஷத்துக்கு முன்பு, கென்டக்கியில் ‘ஸ்வீட் ஹோம்’ என்ற பண்ணையிலிருந்து வயிற்றுப் பிள்ளையோடு தப்பி வந்தவள் சேத். சுதந்திரமாக இருந்தது 28 நாள். அடுத்து நான்கு குதிரைக்காரர்கள் வருகிறார்கள். பண்ணையை நடத்துகிற வாத்தியாரும் அவர்களில் ஒருவன் (நாவலில் அவனுக்குப் பெயரே ‘வாத்தியார்’தான்). அவன் கையில் பிள்ளைகள் திரும்பச் சிக்கக் கூடாது என்று விறகுக் கொட்டகைக்குள் வாரிக்கொண்டு ஓடுகிறாள் சேத். தவழ்கிற பெண் குழந்தையின் கழுத்தை ரம்பத்தால் அறுக்கிறாள். மற்றதுகளை அறுப்பதற்குள் தடுத்துவிடுகிறார்கள்.

கல்லறைக் கல்லில் எழுத்து வெட்டக் காசில்லை. கல் வெட்டுகிறவனுக்குப் பத்து நிமிஷம் உடம்பைக் கொடுத்து ஒரே ஒரு சொல்லை வெட்டி வாங்குகிறாள். அதுதான் பிலவ்ட். சவ அடக்கத்தன்று போதகர் கூட்டத்தைப் பார்த்துச் சொன்ன வார்த்தை. நம்மூர்க் கோயிலில் பிரசங்கியார் ‘பிரியமானவர்களே’ என்று ஆரம்பிப்பாரே, அதேதான். உயிரோடு நின்றவர்களை அழைத்த வார்த்தை செத்த பிள்ளைக்குப் பெயராகிவிட்டது. பிறகு பண்ணைக் காலத்து ஆள் பால் டி வருகிறான், ஆவியைச் சத்தம் போட்டு விரட்டுகிறான். கொஞ்ச நாளில், தண்ணீருக்குள்ளிருந்து உடுத்த துணியோடு எழுந்து வந்த ஒரு இளம்பெண் வாசலருகே மரக்கட்டையில் உட்கார்ந்திருக்கிறாள். பெயர் கேட்டால் பிலவ்ட் என்கிறாள். தோல் பிறந்த குழந்தையின் தோல் மாதிரி. இனிப்பென்றால் உயிர். கழுத்தில் தழும்பு. அவள் தின்னத் தின்ன, கேட்கக் கேட்க, வீடும் தாயும் கரைந்துபோகிறார்கள்.

கொலை கற்பனை இல்லை. 1856 ஜனவரியில் மார்கரெட் கார்னர் என்ற அடிமைப் பெண் குடும்பத்தோடு உறைந்து கிடந்த ஒஹையோ ஆற்றை நடந்தே கடந்து கென்டக்கியிலிருந்து சின்சினாட்டிக்கு ஓடிவந்தாள். தங்கிய வீட்டைச் சுற்றி வளைத்தபோது இரண்டு வயது மகளைக் கத்தியால் கொன்றாள். 1974-இல் ராண்டம் ஹவுஸ் பதிப்பகத்தில் ஆசிரியராக இருந்து ‘தி பிளாக் புக்’ என்ற தொகுப்பைக் கொண்டுவந்த வேலையில் மாரிசன் கண்டெடுத்த செய்தி இது. நாவலைவிட அந்த வழக்கு என்னைத் தூங்கவிடவில்லை. அடிமை முறையை எதிர்த்த வெள்ளைக்காரர்கள், அவள் மேல் கொலைக் குற்றம் சாட்டுங்கள் என்று போராடினார்கள். தூக்குமேடை வரை போகலாம் என்று தெரிந்தேதான் கேட்டார்கள். ஏனென்றால் கொலை செய்ய மனுசியால்தான் முடியும். மாடு முட்டிக் கன்று செத்தால் மாட்டின் மேல் கொலை வழக்கு இல்லை. எதிர்த்தரப்பு, 1850-இன் தப்பியோடிய அடிமைகள் சட்டப்படி அவள் உடைமை, உடையவனிடம் திருப்பிக் கொடு என்றது. உடைமை என்றே தீர்ப்பாயிற்று. தெற்கே கொண்டுபோனார்கள். 1858-இல் டைஃபாய்டு கண்டு இறந்தாள்.

கொலைகாரி என்று எழுதினால்தான் மனுசி என்று எழுதியதாகும். இதற்குப் பக்கத்தில் அந்தக் குழந்தையின் ஆவியை வைத்துப் பாருங்கள், எது நம்ப முடியாதது?

தோழரின் எதிர்ப்புக்கு வருகிறேன். அதைப் பகுத்தறிவு வறட்சி என்று சொல்லி நகர்ந்துவிடுகிற அறிவுஜீவித்தனம் எனக்கு ஆகாது. அவர் பார்த்தது இது: வயசுப் பெண்ணுக்குக் காய்ச்சல் கண்டு பிதற்றினால் பம்பை உடுக்கை வரும், கோடாங்கி வருவான். வேப்பங்கொழையால் முகத்தில் அடிப்பான். உச்சிமயிரைப் பிடுங்கிப் புளியமரத்தில் ஆணி அறைவான். ஆட்டுக்கும் சாராயத்துக்கும் ஆண்டையிடம் கடன் வாங்கி, அந்தக் கடனுக்கு ஒரு வருஷ வேலை போகும். “அடி வாங்குனது அத்தனையும் பொம்பளைங்க. ஒரு ஆம்பளைக்குப் பேய் புடிச்சு ஆணி அடிச்சு நான் பாத்ததில்ல” என்றார். 1956-இல் நாக்பூரில் பாபாசாகேப் 22 உறுதிமொழிகளைச் சொல்ல வைத்தது எதற்கு, திரும்பவும் பேயையும் சாமியையும் புத்தகத்துக்குள் கொண்டுவரவா என்றும் கேட்டார். இதில் மறுக்க என்னிடம் ஒன்றுமில்லை. பாமாவின் ‘சங்கதி’யில் (1994) பேய் பிடித்த பெண்களைப் பற்றி ஒரு பகுதி வருகிறது. அங்கே கதைசொல்லி பேயை நம்பிக்கொண்டு உட்காருவதில்லை. நம் தெருப் பெண்ணை மட்டும் அது ஏன் பிடிக்கிறது என்று கேட்டு, வயலிலும் வீட்டிலும் ஓயாத வேலையில், அடியில், ஏச்சில் பதிலைத் தேடுகிறாள். தோழர் முப்பது வருஷம் பேசியதன் அடுத்த படி அது என்றுதான் எடுத்துக்கொள்கிறேன்.

இன்னொரு பக்கம் எம்.ஃபில் படிக்கிற தம்பி. அவருக்கு நாவல் ரொம்பப் பிடித்திருந்தது, பிடித்த விதம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் தமிழ்ச் சிறுபத்திரிகைகளில் ‘மாய யதார்த்தம்’ ஒரு காய்ச்சலாக அடித்தது. மார்க்வெஸ் பேரைச் சொன்னால் போதும், பாட்டி பறப்பாள், மழையில் மீன் பெய்யும். அவர்களில் பலர், அதே மார்க்வெஸின் நாவலில் வாழைத்தோட்டத் தொழிலாளிகள் சுட்டுக் கொல்லப்பட்டு ரயிலேற்றப்படுவதையும், மறுநாள் ஊரே அப்படி ஒன்று நடக்கவில்லை என்று சாதிப்பதையும் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. 1928-இல் கொலம்பியாவின் சியெனகாவில் யுனைடெட் ஃப்ரூட் கம்பெனி வேலைநிறுத்தத்தில் நடந்த துப்பாக்கிச் சூடு அது. காய்ச்சல் தணிந்து இத்தனை வருஷம் கழித்தும் தம்பியின் பேச்சில் அதன் சூடு இருக்கிறது. பேய் என்பது எதையும் சுட்டாத ஒரு குறிப்பான், மொழியின் விளையாட்டு என்றார். கழுத்தில் தழும்பு இருக்கிறதே தம்பி, அது எதைச் சுட்டுகிறது என்று கேட்டேன். சிரித்தார்.

மாரிசனுக்கே அந்த முத்திரை பிடிக்காது. தன் எழுத்தில் இருக்கிற அரசியலைப் பேசாமல் நழுவிப் போக விமர்சகர்களுக்கு அந்தச் சொல் வசதியாக இருக்கிறது என்ற கருத்தைப் பேட்டியில் சொல்லியிருக்கிறார். 1984-இல் எழுதிய ஒரு கட்டுரையில், கறுப்பு மக்களின் உலகப் பார்வையில் நடைமுறை அறிவும் அமானுஷ்யமும் ஒன்றை ஒன்று மறுக்காமல் சேர்ந்தே இருந்தன, மனிதர்கள் மதிப்பிழக்கச் செய்யப்பட்டபோது அவர்கள் அறிந்ததும் மதிப்பிழந்தது என்கிறார். இதை அப்படியே இங்கே தூக்கிவந்து கோடாங்கிக்கு நற்சான்று கொடுத்துவிட முடியாது. மதிப்பிழந்த அறிவு எது, மதிப்பே இல்லாத ஏமாற்று எது என்று நாம்தான் நம் தெருவில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது கருத்து ஒரு அக்காவுடையது. அரசு மருத்துவமனையில் பிரசவ வார்டு நர்ஸ். ஆங்கில நாவல் படிக்கிற பழக்கம் இல்லை, நான் சொல்லக் கேட்டவர். முதல் நாள் முழுக்கப் பேசவில்லை. இரண்டாம் நாள், “அது பேயும் இல்ல ஒண்ணும் இல்ல. எங்கியோ ஒருத்தன் சின்ன வயசுலேருந்து அடைச்சு வச்சிருந்திருக்கான். தப்பிச்சு வந்துருக்குது. நிக்கத் தெரியல, பேசத் தெரியல, திங்கறத நிறுத்தத் தெரியல. இந்த மாதிரிப் புள்ளைங்கள நான் வார்டுல பாத்துருக்கேன்” என்றார்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஏனென்றால் நாவலுக்குள் ஸ்டாம்ப் பெய்ட் என்ற கிழவன் இதையே சொல்கிறான்: பக்கத்தில் ஒரு ஓடையோரத்து வீட்டில் ஒரு வெள்ளைக்காரன் ஒரு பெண்ணை அடைத்து வைத்திருந்தான், போன கோடையில் அவன் செத்துக்கிடந்தான், பெண்ணைக் காணவில்லை, அவளாக இருக்கலாம். இந்த இடத்தை நான் கதை சொல்லும்போது விட்டிருந்தேன். 1990-இல் எலிசபெத் ஹவுஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இந்த வாசிப்பை ஒரு முழுக் கட்டுரையாக எழுதியிருக்கிறார். வந்தவள் கொலையுண்ட மகள் இல்லை, அடிமைக் கப்பலில் தாயை இழந்து வெள்ளைக்காரர்களிடம் சிக்கிச் சிதைந்த வேறொரு பெண், தாயைத் தேடுகிற பெண்ணும் மகளைத் தேடுகிற தாயும் ஒருவரை ஒருவர் தவறாக அடையாளம் கண்டுகொள்கிறார்கள் என்பது அவர் வாதம். இரண்டாம் பாகத்தில் பிலவ்ட் தனக்குள் பேசுகிற பகுதி இதற்குப் பலம் சேர்க்கிறது. நெருக்கியடித்துக் கிடக்கிற உடம்புகள், மேலே கிடந்து செத்துப்போன ஆள், கடலில் போகிற பெண். கொட்டகையில் செத்த குழந்தைக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

ஆனால் கணக்கு முழுசாகத் தீரவில்லை. சேத்தின் காதணியைப் பற்றி அவளாகவே கேட்கிறாள். சேத் தன் பிள்ளைகளுக்காக மட்டும் கட்டிய தாலாட்டை முணுமுணுக்கிறாள். அந்தத் தழும்பு வேறு. வெளியாள் என்றால் இது இடிக்கிறது, மகள் என்றால் கப்பல் இடிக்கிறது. மாரிசன் இந்த முடிச்சைக் கவனக்குறைவாக விட்டதாக எனக்குத் தோன்றவில்லை. நாவலை அவர் சமர்ப்பித்திருப்பது ஆறு கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு. முகப்பில் பைபிளின் ரோமர் நிருபத்திலிருந்து ஒரு வசனம், ஜனமாக இல்லாதவர்களை ஜனமென்று அழைப்பதைப் பற்றியது. ஒரு தாயின் வாசலில் வந்து உட்கார்ந்தவள் ஒரு தாயின் பிள்ளை மட்டுமாக இருந்தால், கடலில் எறியப்பட்டவர்களுக்கு வீடு ஏது?

எங்கள் கூட்டத்தில் எழுபது வயது ஆயா ஒருத்தி வெற்றிலை இடித்துக்கொண்டே கேட்டிருந்தாள். பேயா பெண்ணா என்ற சண்டை முற்றியபோது, “அந்தக் கைக்கொழந்தைக்கு வேற யாரத் தெரியும்? அறுத்தவகிட்டதான் வரும்” என்றாள். நர்ஸ் அக்கா அழுதுவிட்டார்.

அமெரிக்காவிலும் சண்டை நடந்திருக்கிறது. 1987-இல் நாவல் வந்ததும் மார்கரெட் அட்வுட் பாராட்டி மதிப்புரை எழுதினார், பேயை அவர் ஒரு பிரச்சனையாகவே நினைக்கவில்லை. ஸ்டான்லி கிரவுச் என்ற கறுப்பு விமர்சகர் அடித்து நொறுக்கினார்: இது மிகையுணர்ச்சி நாடகம், யூதர் படுகொலையோடு போட்டி போட்டு அடிமைத்தனத்துக்கு இடம் பிடிக்கிற எழுத்து என்றார். சொந்த ஆளே இப்படிச் சொல்லலாமா என்று கோபப்பட்டவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கோபம் இல்லை. நம் எழுத்தை நம்மாட்கள் கிழிப்பதும் நம் இலக்கியத்தின் பகுதிதான். அந்த வருஷம் தேசியப் புத்தக விருது ‘பிலவ்ட்’டுக்குக் கிடைக்கவில்லை. வாங்கியது லாரி ஹைன்மன் எழுதிய ‘பாக்கோவின் கதை’. வியட்நாம் போரைப் பற்றிய நாவல். அதில் கதை சொல்வது யார் தெரியுமா, செத்துப்போன சிப்பாய்களின் ஆவி! ஆக, பேய் இருந்ததால் பரிசு போகவில்லை. 1988 ஜனவரியில் 48 கறுப்பு எழுத்தாளர்கள், அமிரி பராகா, ஆலிஸ் வாக்கர், மாயா ஏஞ்சலோ எல்லாரும் சேர்ந்து நியூயார்க் டைம்ஸில் கண்டன அறிக்கை வெளியிட்டார்கள். சில வாரங்களில் புலிட்சர் பரிசு வந்தது, 1993-இல் நோபல். பிற்பாடு வர்ஜீனியாவில் பெற்றோர் சிலர் பள்ளிக்கூடத்தில் இந்த நாவல் பாடமாவதை எதிர்த்தார்கள். வெளிப்படையான பாலியல் விவரங்கள் வருகிற புத்தகங்களை முன்கூட்டியே பெற்றோருக்குச் சொல்ல வேண்டும் என்று 2016-இல் அந்த மாநிலச் சட்டமன்றம் ஒரு மசோதாவே போட்டது, ஆளுநர் அதைத் தடுத்துவிட்டார். கவனியுங்கள், அங்கேயும் பேய் பயமுறுத்துகிறது என்பது புகாராக இல்லை. பண்ணையில் நடந்ததுதான் அவர்களைப் பயமுறுத்துகிறது.

பண்ணையில் நடந்தது என்ன? வாத்தியார் கையில் ஒரு நோட்டு. அண்ணன் பிள்ளைகளை உட்கார வைத்துப் பாடம் நடத்துகிறான். சேத்தின் பேரைப் போட்டு, மனுசக் குணங்களை ஒரு பக்கமும் மிருகக் குணங்களை மறு பக்கமும் எழுதச் சொல்கிறான். சேத் இதை ஒட்டுக்கேட்டுவிடுகிறாள். பிறகு அந்தப் பையன்கள் அவளைப் பிடித்துக்கொண்டு முலைப்பாலை உறிஞ்சி எடுக்கிறார்கள், இவன் பார்த்துக் குறிப்பெடுக்கிறான். அவன் எழுதிய மையைக் காய்ச்சிக் கொடுத்தவள் சேத். கடைசியில் சேத் நொந்துபோவது அதைச் சொல்லித்தான். நாவலில் என்னால் நம்பவே முடியாத பக்கம் இதுதான், ஆனால் இதுதான் யதார்த்தவாதம் எழுதிய பக்கம். அளந்து, எண்ணி, பத்தி பிரித்து எழுதிய பேரேடு. குழந்தை கொலையுண்ட காட்சியைக்கூட மாரிசன் முதலில் இந்தக் குதிரைக்காரர்களின் கண்வழியாகத்தான் காட்டுகிறார். அவர்களுக்கு அங்கே தாய் தெரியவில்லை. சரக்கு கெட்டுப்போனது தெரிகிறது, நஷ்டக் கணக்கு தெரிகிறது.

எது நம்பத் தகுந்தது என்று தீர்மானிக்கிறவன் யார் என்பது நமக்குப் புதுக் கேள்வி இல்லை. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேரை எரித்தார்கள். 1973-இல் சென்னை உயர்நீதிமன்றம் மிராசுதார்களை விடுவித்தபோது, பெரிய நிலச்சொந்தக்காரர்கள், கார் வைத்திருப்பவர்கள், தாங்களே நேரில் நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்றது. சாம்பல் இருந்தது, எலும்பு இருந்தது, நம்பத்தான் முடியவில்லை. சேத் தன் மகளிடம் ஒன்று சொல்வாள்: நடந்தது நடந்த இடத்திலேயே இருக்கும், நினைத்தவர்கள் செத்துப்போனாலும் இருக்கும், அந்த இடத்துக்கு நீ போனால் உனக்கும் நடக்கும். எம்.ஃபில் தம்பி இதை அழகான படிமம் என்றார். வெண்மணி நினைவிடத்துக்குப் போய் நின்ற எவரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

மாயம் வேண்டாம் என்கிற தோழருக்கு நான் சொன்னது, மாயம் நமக்கு எதிராகத்தான் அதிகம் வேலை செய்திருக்கிறது, அதைப் பார்க்காமல் வேண்டும் வேண்டாம் என்று பேச முடியாது என்பதே. நந்தன் கதையை எடுங்கள். எம்.ஏ. வகுப்பில் பெரியபுராணம் நடத்திய ஆசிரியர், திருநாளைப்போவார் தில்லையில் தீயில் இறங்கி முனிவராக, பூணூலோடு எழுந்ததை அருள் என்று விளக்கிவிட்டு அடுத்த புராணத்துக்குப் போய்விட்டார். வெந்தது யார் உடம்பு என்று கேட்க எனக்கு அப்போது வாய் வரவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி அதே கதையைக் கீர்த்தனையாக்கியபோது இன்னொரு மாயம் சேர்ந்தது. வேதியர் சொன்ன நாற்பது வேலி நிலத்து வேலையைச் சிவனின் பூதகணங்கள் ராத்திரியோடு ராத்திரியாக முடித்துவிடுகின்றன. தலைமுறை தலைமுறையாகப் பறையன் செய்த வேலையைப் பூதம் செய்ததாக எழுதிவிட்டால் கூலிக் கணக்கே இல்லை. இந்த மாயத்தை யாரும் மூடநம்பிக்கை என்று தடுக்கவில்லை, சபாவில் உட்கார்ந்து தாளம் போட்டார்கள். அம்பேத்கர் 1948-இல் வெளியிட்ட ‘தீண்டப்படாதவர்கள்’ நூலை நந்தனார், ரவிதாஸ், சோகாமேளா மூவர் நினைவுக்குத்தான் சமர்ப்பித்தார். அந்தத் தீயை அருள் என்று எடுத்துக்கொண்டு அவர் அதைச் செய்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

இதற்கு நேர் எதிரான தீ ஒன்று கியூபா எழுத்தாளர் கார்ப்பென்டியரின் நாவலில் இருக்கிறது, 1949-இல் வந்தது. ஹெயிட்டியின் அடிமைக் கலகக்காரன் மக்கண்டாலை 1758-இல் எரிக்கிறார்கள். அவன் கட்டை அறுத்துக்கொண்டு தங்கள் தலைக்கு மேலே பறந்ததை அடிமைகள் பார்க்கிறார்கள், வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். அவனைப் பிடித்துத் திரும்பவும் தீக்குள் தள்ளியதையும் அதே பக்கத்தில் எழுதுகிறார் கார்ப்பென்டியர். உடம்பை ஒளிக்கவில்லை. நந்தன் கதைத் தீயில் உடம்பு காணாமல் போகிறது. ‘பிலவ்ட்’டில் காணாமல் போன உடம்பு திரும்ப வந்து சாப்பாடு கேட்கிறது. பேய், தீ, பூதம் எதுவானாலும் பிணத்தை மறைக்கிறதா, கொண்டுவந்து கூடத்தில் போடுகிறதா என்று நான் பார்க்கிறேன்.

நாவலில் எனக்குக் குறை உண்டு. முதல் பாகத்தில் வீடு குலுங்குவதும் பால் டி மேசையைச் சுழற்றி ஆவியை விரட்டுவதும் சினிமாத்தனம். 1998-இல் ஜோனதன் டெம்மி படமாக எடுத்தபோது அந்த இடமெல்லாம் பேய்ப்படம் போலத்தான் இருந்தது. தப்பி வரும் வழியில் பிரசவம் பார்க்க ஒரு வெள்ளைக்காரப் பெண் சரியான நேரத்துக்கு வந்து நிற்பதும் உறுத்துகிறது. இரண்டாம் பாகத்தின் தனிமொழிகளை நான் நான்கு தரம் படித்தும் சில வரிகள் பிடிபடவில்லை, வாய்விட்டுச் சொன்னபோது மட்டும் கொஞ்சம் திறந்தது.

ஆனால் மூன்றாம் பாகம் வேறு தரம். அதைச் சொன்ன பிறகுதான் தோழர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பேயை விரட்டுவது கோடாங்கியோ பாதிரியோ இல்லை, முப்பது பொம்பளைகள். 18 வருஷமாக அந்த வீட்டு வாசலை மிதிக்காத பக்கத்துத் தெருக்காரிகள். ஏன் மிதிக்கவில்லை? இந்த இடத்தில் மாரிசன் தன் சனத்தையும் விடவில்லை. பேபி சக்ஸ் ஊரையே கூட்டி விருந்து போடுகிறாள். வயிறு நிறையத் தின்றவர்களுக்கு மறுநாள் பொறாமை: இவளுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது இவ்வளவு? அந்த எரிச்சலில், குதிரைக்காரர்கள் வருவதை ஒருத்தரும் ஓடிவந்து சொல்லவில்லை. அந்தக் குழந்தையின் சாவில் சேத்தின் ரம்பத்தோடு தெருவின் மௌனமும் இருக்கிறது. தலித் எழுத்தில் நம்மாளைக் குறை சொல்லலாமா என்று கேட்கிறவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

அவர்களைக் கூட்டிவருகிறவள் எல்லா. அப்பனும் மகனுமாக இரண்டு வெள்ளைக்காரர்கள் அடைத்து வைத்துச் சீரழித்த பெண் அவள். அதில் பிறந்த குழந்தைக்குப் பால் கொடுக்க மறுத்தவள். பேய் இருக்கிறதா என்று அவள் விசாரிக்கவே இல்லை. அது பேயாக அதன் இடத்தில் இருந்துகொள்ளட்டும், சதையோடு வந்து உயிரோடிருப்பவளை அடித்துத் தின்ன அதற்கு உரிமை கிடையாது என்பது அவள் கட்சி. சேத்தை அவள் மன்னிக்கவும் இல்லை, மன்னிக்காமலேயே காப்பாற்ற வருகிறாள். அதற்கு முன்னால் டென்வர் வெளியே வேலை தேடிப் போகிறாள், பசி என்று தெருவில் சொல்கிறாள். வாசல் ஓரத்தில் யாரோ அரிசி, முட்டை, சட்டியில் சமைத்தது என்று வைத்துவிட்டுப் போகிறார்கள். பேய் போவது அந்தச் சட்டிகளிலிருந்தே தொடங்கிவிடுகிறது.

“அப்ப நம்ம கட்சிதான் அந்தம்மா” என்றார் தோழர். பேய் உண்டா என்பதில் மட்டும் இல்லை என்று நான் சொன்னேன். அதை அவர் காதில் வாங்கவில்லை.

பட்டியலில் நாவல் இருக்கிறது. தமிழில் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்ட, வட்டத்துக்குள் மட்டும், எம்.ஃபில் தம்பி முதல் நாற்பது பக்கத்தை மொழிபெயர்க்க உட்கார்ந்திருக்கிறார். சேத்தைச் சுத்தத் தமிழில் பேச வைத்திருந்தார். நர்ஸ் அக்கா திருத்திக்கொண்டிருக்கிறார். கடைசிப் பக்கத்தில் திரும்பத் திரும்ப வரும் ஒரு வாக்கியத்தில் அடுத்தவருக்குக் கொடுப்பது, கண்டும் காணாமல் விட்டுப்போவது என்று இரண்டு அர்த்தமும் ஒரே சொல்லில் கிடக்கிறது. ‘கடத்துவது’ என்று போடலாமா என்று கேட்டார் தம்பி. ஆளைத் தூக்கிப் போவதற்கும் அதுதானே சொல், கப்பலும் உள்ளே வந்துவிடும் என்றேன். முதல் தடவையாக ஒரு சொல்லில் இருவரும் ஒத்துப்போனோம். தோழர் முன்னுரை எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ‘பேய் இல்லை’ என்றுதான் ஆரம்பிப்பாராம். ஆரம்பிக்கட்டும்.